பட்டைக் கட்டில் வந்த எறும்புகள்

தெருவில் யாராவது, "உங்க வீட்டு எறும்பு சௌக்கியமா?" என்று கேட்டால் ஜெயமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய சௌக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

எறும்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்குத் தோல் பதனிட அங்கிருந்து கப்பலில் மரப்பட்டை வரும். அப்படி வந்த கட்டு ஒன்றுக்குள் உளுத்த கட்டை ஒன்று கிடந்தது, அதற்குள் இதுகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சரக்குக் கிட்டங்கியில் கட்டு இறக்கிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா மரியசெல்வத்தின் கையில் ஒன்று கொட்டியது. மனுஷன் வலியில் துள்ளினாரே தவிர கட்டையைக் கீழே போடவில்லை. காலேஜில் பூச்சிப் பாடம் நடத்தும் புரபசர் ஒருவர், விசித்திரமான ஜந்து எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் டீ வாங்கிக் கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும்.

புரபசர் டீயோடு நிறுத்தவில்லை. இந்த ஜாதி எறும்பைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நாலு வரிக்கு மேல் கிடையாது, உயிரோடு வைத்துப் பார்த்தவர்களே இல்லை என்றார். காலேஜில் வைத்தால் பையன்கள் கிண்டிக் கொன்றுவிடுவார்கள், நீங்களே வீட்டில் வளருங்கள் என்று சொல்லி, அடியில் சாந்து பூசிய கண்ணாடிப் பெட்டி ஒன்றையும் செய்து கொடுத்தார். அன்றோடு மரியசெல்வம் தோல் ஷாப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். கேட்டவர்களிடம் ஆராய்ச்சி என்றார். பெண்டாட்டி செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் என்று மிஞ்சியது ஜெயமேரி ஒருத்திதான். சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு கிழிக்கிற வேலை.

பேர் அவருக்கு, பாடு அவளுக்கு. காட்டு எறும்பாம், ஈரம் காயக் கூடாதாம். மலைக்கோட்டை அடிவாரத்துக் குழாயில் சண்டை போட்டு அவள் பிடித்து வரும் தண்ணீரில் முதல் செம்பு பெட்டிக்குப் போகும். சோறு, வெல்லம் எதையும் அதுகள் சீந்தவில்லை. பூரான்தான் வேண்டும், அதுவும் உயிரோடு. அப்பாவுக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் வேலைக்குப் போகுமுன் மலையடிவாரத்தில் கல்லைப் புரட்டிப் பூரான் பிடிப்பதும் அவள் தலையில் விழுந்தது. ஒரு தடவை கடி வாங்கி முழங்கைவரை வீங்கியது. அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பூரான் தப்பிவிட்டதா என்றுதான் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிமேல் பூதக்கண்ணாடியோடு கவிழ்ந்திருந்த புரபசர் திடீரென்று நிமிர்ந்தார்.

"பெருசுக பூரானைத் திங்கிறதே இல்ல, மரியசெல்வம். கொட்டி மயக்கித் தன்னோட குஞ்சுப் புழுக்களுக்குப் போடுது. புழு தின்னு கொழுத்ததும் அதோட தோலைக் கடிச்சு ரத்தத்தைக் குடிக்குது. புழு சாகாத அளவுக்குத்தான் கடிக்குது. அதை விட்டா பெருசுகளுக்கு வேற ஆகாரம் கிடையாது போலிருக்கு."

காபி டம்ளரோடு நின்ற ஜெயமேரி குனிந்து பார்த்தாள். நொய்யரிசி சிதறியதுபோல வெள்ளைப் புழுக்கள். ஒன்றன்மேல் எறும்பு கவிந்திருந்தது. புழு நெளிந்தது, ஓடுவதற்கு அதற்குக் கால் இல்லை. அதன் உடம்பில் பழைய கடிகளின் தழும்புகள் தெரிந்தன.

"பெத்த பிள்ள ரத்தத்தக் குடிக்கிற ஜென்மமும் இருக்கே சார்!" என்று மரியசெல்வம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப்பிறகு டீக்கடையிலும் சலூனிலும் கோயில் வாசலிலும் இதே பேச்சுத்தான். கேட்டவர்கள் அவர் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஜெயமேரியையும் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு மட்டும் உறைக்கவில்லை.

நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைப்பூ ஏற்றிவரும் வேனை ஓட்டியவன் வியாகுலம். கம்பெனி வாசலில் அவளுடைய வீங்கிய கையைப் பார்த்துவிட்டு, கைக்கு என்ன என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அது போதுமாக இருந்தது அவளுக்கு. பிறகு அவளுடைய அத்தை செபாஸ்தியம்மாள் மூலமாக முறையாகப் பெண் கேட்டான். நகைநட்டு எதுவும் வேண்டாம் என்றான்.

மரியசெல்வம் முடியாது என்று சொல்லவில்லை. தவக்காலம் முடியட்டும் என்றார். அது முடிந்ததும் பெண்டாட்டியின் நினைவுப் பூசை கழியட்டும் என்றார். பிறகு வெயில் தாழட்டும் என்றார். செபாஸ்தியம்மாள் பொறுமை இழந்து, தானே சாமியாரிடம் போய் ஓலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பேரை வாசிப்பார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். முதல் ஓலை வாசித்தபோது ஜெயமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் ஓலையும் நல்லபடியாகக் கழிந்தது. மூன்றாம் ஓலை முடிந்ததும் அப்பா மட்டும் சாமியார் அறைக்குள் போவதைப் பார்த்தாள். காணிக்கை கொடுக்கப் போகிறார் என்று நினைத்தாள், பாவம்.

சாயங்காலம் செபாஸ்தியம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"உனக்குச் சின்னதுலருந்தே காக்கா வலிப்பு இருக்காம். மறைக்க மனசு வரலன்னு ஒங்கப்பன் சாமியார்ட்ட அழுதுருக்கான். மாப்பிள்ள வீட்டுல வேண்டாம்னுட்டாக ஆத்தா."

ஜெயமேரிக்கு வலிப்பு வந்ததே இல்லை. அன்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாகுலமாவது நேரில் வந்து உண்மையா என்று கேட்பான் என வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. அப்பன் சொன்ன பொய்யைவிட அதுதான் அவளை அறுத்தது. விளக்கு வைத்த பிறகு உள்ளே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். மரியசெல்வம் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா இதுகளுக்குப் பூரான் யாரு பிடிப்பா தாயி?"

இதுகளுக்கு என்றார். எனக்குச் சோறு யார் போடுவார் என்று கேட்டிருந்தால்கூட அவள் அழுதுவிட்டுப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலையில் அவர் டீக்கடைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தாள். கோழி இறகால் புழுக்களை ஒன்றுவிடாமல் சிரட்டைக்குள் தள்ளினாள். தொற்றிக்கொண்டு வந்த எறும்புகளைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே உதறிவிட்டாள். இரண்டு மூன்று கொட்டின. கையை இழுக்கவில்லை. சிரட்டையைக் கோழிக்குமுன் கவிழ்த்துவிட்டு, நல்ல கொழுத்த பூரானாக ஒன்றைப் பெட்டியில் போட்டு, தண்ணீரும் தெளித்து மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

புழுக்களை எறும்புகள் எங்கோ ஒளித்து வைத்திருக்கின்றன என்று மரியசெல்வம் எல்லோரிடமும் புது அதிசயமாகச் சொன்னார். எறும்புகள் பூரானைக் கொட்டி இழுத்துவந்து போட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. அடுத்த பூரானையும் அப்படியே செய்தன. இரைக்கு நடுவிலேயே அதுகளின் கால் தள்ளாடத் தொடங்கியது. ஜெயமேரி தினமும் வேலைவிட்டு வந்ததும் பெட்டிமுன் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு புரபசர் வந்தபோது முக்கால்வாசி செத்துக் கிடந்தன.

"புழுவெல்லாம் எங்கே?" என்றார்.

மரியசெல்வம் மகளைப் பார்த்தார்.

"கோழிக்குப் போட்டுட்டேன் சார்," என்றாள் அவள்.

புரபசர் காபியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மரியசெல்வம் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. அடிபட்டுப் படுத்துவிட்டால் நாளைக்கு யார் வேலைக்குப் போவது என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியதை அவள் நன்றாகவே பார்த்தாள்.

"போ, போய் உலைய வையி. காலையில வேலைக்குப் போகணும்ல," என்றார் கையைத் தாழ்த்தி.

ஜெயமேரி பாயை உதறி விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வேலைக்குப் போகலய்யா. எனக்கு வலிப்புன்னு நேத்து மேஸ்திரிட்ட நானே சொல்லிட்டேன். வலிப்புக்காரிய இனி இந்த ஊர்ல ஒருத்தரும் வச்சுக்க மாட்டாக," என்றாள். திரும்பாமலே மேலும் சொன்னாள்: "பசிச்சா பெட்டியில பூரான் கெடக்கு. எடுத்துத் தின்னுங்க."