பேர் தெரிந்த பிறகு

செமினாரின் கடைசி வகுப்பு அது. ஷோபனா மேடம் பலகையில் ‘நான் கற்றுக்கொண்டது’ என்று பெரிதாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டு, வருகைப்பதிவு வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார். தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியில், பி.ஏ. பொருளாதாரம் முதலாமாண்டுக்கு இப்படி ஒரு பாடம் உண்டு. வாராவாரம் யாராவது முன்னால் போய் நின்று, சொந்தத் தலைப்பு ஒன்றில் பேச வேண்டும். முதலில் போன ஹஃப்ஸா, தனக்கு மேடைக் கூச்சம் போய்விட்டது என்றாள். அடுத்துப் போனவன், கூட்டத்தின் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டேன் என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எல்லோரும் கைதட்டினோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மதிவாணன் முறை வரும், அதற்குப் பிறகு என் முறை வரும். எனக்கு என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை. கற்றுக்கொண்டது இல்லாமல் இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான்.

எங்கள் செமினாரில் ஒரு வழக்கம். பேசி முடித்ததும் கேள்வி நேரம். கேள்வி வராவிட்டால் பேசியவருக்கு மதிப்பெண் குறையும், நல்ல கேள்வி கேட்டால் கேட்டவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் பேசப்போகிறவரே கேள்விகளையும் தயார் செய்து, முதல் நாளே சிநேகிதர்களிடம் கொடுத்துவிடுவார். பதிலை அவர் மனப்பாடம் செய்திருப்பார். கேட்கிறவர் அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழ வேண்டும், பேசியவர் ‘நல்ல கேள்வி’ என்று ஆரம்பிக்க வேண்டும். மேடத்துக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த நாடகத்தை எல்லோரும் ஒழுங்காக நடித்துக்கொண்டிருந்தோம், நான் ஒருத்தி வசனத்தை மாற்றுகிற வரைக்கும்.

மதிவாணன் எங்கள் ஊர்தான். ஒரத்தநாட்டுக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் கிழக்கே போவான், நான் மேற்கே போவேன். கிழக்கே நிலம் வைத்திருக்கிறவர்களின் வீடுகள், மேற்கே எங்கள் தெரு. கல்லூரியில் நீ, வா, போ என்று பேசிக்கொள்வோம். ஊர் நிறுத்தத்தில் கால் வைத்துவிட்டால் அவனும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான், நானும் காட்டிக்கொள்ள மாட்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவன் கெட்டவனும் இல்லை. ஹஃப்ஸாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கூத்தாநல்லூர் வரைக்கும் போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தவன். அவன் செமினாருக்கு என்னிடம் கொடுத்த கேள்வி, ‘ஒரு ஏக்கர் நடவுக்கு எவ்வளவு விதைநெல் தேவைப்படும்?’ என்பது. எங்கள் வீட்டில் அடுப்படிப் பூனைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. இருந்தாலும் நெற்றியைச் சுருக்கப் பழகிக்கொண்டுதான் போனேன்.

அவன் தலைப்பு ‘டெல்டாவில் சம்பா சாகுபடி: எங்கள் வயல்’. நன்றாகவே பேசினான். நாற்றங்கால், உழவு, வாய்க்காலில் தண்ணீர் வருகிற கணக்கு என்று படம் படமாகக் காட்டிக்கொண்டு போனான். நடவுப் படம் வந்தது. போன வருஷச் சம்பா நடவில் வரப்பில் நின்று அவனே எடுத்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள், ஒரே ஒருத்தி மட்டும் யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சட்டை அது, அதன் கை மடிப்பில் பச்சை நூலால் தைத்தவள் நான். திரை முழுக்க என் கோணல் தையல் தெரிந்தது. மதிவாணன் அந்தப் படத்தைக் காட்டி, “இவங்க எங்க ஆளுங்க. ரொம்ப வருசமா எங்ககிட்டதான் வர்றாங்க” என்றான். பெருமையாகத்தான் சொன்னான். டிராக்டரைக் காட்டி ‘எங்க டிராக்டர்’ என்றபோதும் அதே குரல்தான்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். விதைநெல்லைப் பற்றித்தான் கேட்கப் போனேன், இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. படம் திரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிமிர்ந்து பாக்குறாங்களே, அவங்க பேரு என்ன?” என்று கேட்டேன்.

அவன் வழக்கப்படி ‘நல்ல கேள்வி’ என்று ஆரம்பித்துவிட்டான். அதற்கு மேல் ஓடவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தான். நாகம்மாள் கூட்டிவருகிற நடவுச் செட்டு என்றான், பேர் தெரியவில்லை என்றான். மேடம் என்னைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். வேம்பு, எங்கம்மா என்றேன். அதன் பிறகு மணி அடிக்கும்வரை மேடம்தான் பேசினார். உழைப்பவர்களின் பெயரைக்கூட அறியாமல் சோறு தின்கிறோம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. இந்த வருடத்தின் சிறந்த கேள்வி இதுதான் என்று எனக்கு முழு மதிப்பெண் போட்டார். மதிவாணன் காதெல்லாம் சிவந்து போய் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்று, “சாரி சுடர், சத்தியமா எனக்குத் தெரியாது” என்றான். பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் அன்றைக்கு இருந்தது.

வகுப்பில் யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். ‘சிங்கப்பெண்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அது ஒரத்தநாடு போய், எங்கள் ஊருக்கு வந்து, மேற்கேயும் கிழக்கேயும் ஒரே நாளில் சுற்றியது. அம்மா பக்கத்து வீட்டுப் போனில் பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். நான் ‘எங்கம்மா’ என்று சொல்கிற இடம் வந்ததும் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். செட்டில் இருக்கிற பெண்கள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கேள்வியை ஒரு தடவை தங்கள் முன்னால் கேட்டுக்காட்டச் சொன்னார்கள். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கேட்டுக்காட்டினேன். ஆளுக்கு ஆள் தங்கள் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிழக்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதிவாணனின் அப்பா கோவிந்தராசு கோபக்காரர் இல்லை, சத்தம் போட்டுப் பேசுகிறவரும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலில் ஏறி, நாற்றுப் பறிக்கிற பருவமும் வந்தது. ஊரில் நடவு எப்போதும் அவர் வயலில்தான் ஆரம்பிக்கும். அங்கே இறங்குகிற செட்டைத்தான் மற்றவர்களும் அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள். சம்பா நடவு கையில் இருந்தால்தான் எங்கள் தெருவில் பொங்கல் வரைக்கும் அடுப்பு மூச்சு விடும். எப்போதும் அவர் வீட்டிலிருந்து முன்கூட்டியே ஆள் வந்து நாகம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகும். இந்த வருஷம் வரவில்லை. கடைசியில் நாகம்மாளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் கையமர்த்தினாள்.

“நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு பாப்பா. இத்தன வருசத்துல நான் அந்த வீட்டுல நாற்காலியில உக்காந்ததில்ல. உக்காரும்போதே தெரிஞ்சுபோச்சு, வேல இல்லன்னு.”

வடக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். சீக்கிரம் முடித்துவிடுகிறார்களாம், சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவர்களைத்தான் வைக்கிறார்களாம். அது பொய்யும் இல்லை. நாலைந்து வருஷமாக அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் நடக்கிறது. எங்கள் ஊர்தான் பாக்கியாக இருந்தது. அதனால் இது என் வாயால் வந்ததா, இல்லை எப்படியும் வரவேண்டியது இந்த வருஷம் வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். வருகிறவர்களின் பேரை ஊரில் எவரும் கேட்கப் போவதில்லை, அவர்களுடைய மகள்கள் எந்தக் கல்லூரியில் படித்தாலும் அது தஞ்சாவூரில் இருக்கப் போவதில்லை. கோவிந்தராசுக்கு நிம்மதி.

மதிவாணனைக் கேன்டீன் வாசலில் பிடித்துக் கேட்டேன். உங்க அப்பாவிடம் பேசு என்றேன். பேசிவிட்டான் பாவம், அதற்கு முன்னாலேயே. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறான். அவர் நிதானமாக, செமினாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி, நீ படிப்பைப் பார் என்று மட்டும் சொன்னாராம். “இப்ப நான் என்ன பண்ணணும், நீயே சொல்லு” என்று என்னையே கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவனை இரண்டு வார்த்தை திட்டலாம் என்று வந்தவள் நான். திட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை.

நான் கேட்டது தப்பு என்று எனக்கு இந்த நிமிடம்வரை தோன்றவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். தப்பாக இருந்தால் யார் காலிலாவது விழுந்து மன்னிப்பாவது கேட்கலாம். அம்மாவிடம், நான் வேண்டுமானால் கிழக்கே போய்ப் பேசிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. கோபமும் இல்லை, யாரோ மூன்றாம் மனுஷி வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீ கேட்டதுல ஒரு தப்பும் இல்லடி. முன்னாடி அவங்களுக்கு என் பேரு தெரியாது, கூப்பிட்டாங்க. இப்ப பேரு தெரியும், கூப்பிடல. அவ்வளவுதான்.”

இதைத்தான் நான் இந்தச் செமினாரில் கற்றுக்கொண்டேன். இதை எப்படி இரண்டு நிமிடத்தில் பேசுவது? பேசினால் மேடம் மறுபடியும் குரல் கம்முவார், மறுபடியும் யாராவது போனைத் தூக்குவார்கள். இன்னும் அம்மா பேர் எட்டாத வேறு ஏதாவது வயலில் அவள் செட்டுக்கு வேலை மிச்சமிருந்தால், அதுவும் போகும்.

மதிவாணன் முறை வந்தது. எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். இந்தச் செமினாரில் தான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பெயர் என்றான். வேம்பு அம்மா என்றான். அதோடு வந்து உட்கார்ந்துவிட்டான். வகுப்பே கைதட்டியது. மேடமும் தட்டினார். ஹஃப்ஸா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பிச் சிரித்ததால், நானும் தட்டினேன். அவன் மனதாரத்தான் சொன்னான், அவர்களும் மனதாரத்தான் தட்டினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

என் முறையில் போய், எனக்கு மேடைக் கூச்சம் போய்விட்டது என்றேன். மேடத்தின் முகம் லேசாக வாடியது. உன்கிட்ட இன்னும் எதிர்பார்த்தேன் சுடர்விழி என்றார்.

சாயங்காலம் ஊர் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. கோவிந்தராசு வீட்டுக் கொட்டகை வாசலில் இளவட்ட ஆட்கள் பைகளையும் ஒரு பெரிய அலுமினியக் குண்டானையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பஸ்ஸைப் பார்த்துச் சும்மா கையாட்டினான். மதிவாணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. இறங்கியதும் அவன் கிழக்கே நடந்தான், நான் மேற்கே நடந்தேன்.

அம்மா வாசற்படியில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தைச் சுற்றியும் விரலிடுக்குகளிலும் அரைத்த மருதாணி அப்பியிருந்தது. கைவிரல் நகங்களிலும் தொப்பி தொப்பியாக வைத்திருந்தாள். நடவுக்கு இறங்குவதற்கு முன்னால் எங்கள் தெருவில் எல்லோரும் வைத்துக்கொள்வதுதான். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரலிடுக்கு வெந்து புண்ணாகும், மருதாணி அதைத் தடுக்கும். வேலை இல்லை என்று ஆன பிறகும் இது ஏம்மா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் பையை வைத்தேன். காலேஜில் என்ன விசேஷம் என்றாள். மதிவாணன் அவள் பேரைச் சொன்னதையும், எல்லோரும் கைதட்டியதையும் சொன்னேன்.

“என் பேருக்கா தட்டுனாங்க?” சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. கையில் மருதாணி இருந்ததால் வாயைப் பொத்த முடியாமல் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

“நடவு என்னைக்குன்னு ஏதாவது சொன்னிச்சா அந்தத் தம்பி?”

வேன் நிற்கிற இடம் எங்கள் வாசலிலிருந்து தெரியாது. ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லும், சொல்லும். காலையிலவரைக்கும் தண்ணி படாம இருந்தா நல்லா புடிக்கும்” என்று கால் விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள்.

உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துப் போய்த் தெருக்குழாயில் நிரப்பிக்கொண்டு வந்தேன். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. நீட்டியிருந்த அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், மெதுவாகப் படியேறினேன்.