யானை திறந்த கதவு

"என்னை ரட்சிக்கிறதுக்குக் கர்த்தர் ஆளை அனுப்பல, யானைய அனுப்புனாரு! அது என் சட்டைக் காலரைப் புடிச்சுத் தூக்கியாந்து, ஜெபக் கொட்டாய்க்குள்ள மண்டி போட வச்சு, தும்பிக்கைய ஒசத்தி 'ஆமென்' சொல்லிட்டுப் போச்சுய்யா!"

மலாயாவில், ஜொகூரின் ரெங்கத்திலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், அய்யாவு இதைச் சொல்லாத ஆள் இல்லை. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று வேலை வாங்கிக்கொள்ளும்போது கங்காணியிடம் சொன்னான். மளிகைக் கடைச் சீனனிடம் பாதி மலாயும் பாதி சைகையுமாகச் சொன்னான். கேட்க ஆள் இல்லாத நேரத்தில், பால் வெட்டிக்கொண்டே ரப்பர் மரங்களிடம் சொன்னான். சொல்லச் சொல்ல யானை வளர்ந்தது. சித்திரையில் கூலிகள் குடியிருந்த லயத்துக் கூரை உயரம் இருந்த யானை, ஆனி பிறந்தபோது துரை பங்களாவை எட்டிப் பார்த்தது.

"ஏய்யா, உனக்குத்தான் சட்டையே கெடையாதே, காலர் எங்கேருந்து வந்துச்சு?" என்பாள் அவன் பெண்சாதி அங்கம்மா. "அந்த யானை வளர்ற வேகத்துக்கு ஜொகூரு தாங்காது. கொஞ்சத்தைக் கடல்ல எறக்கி விடு."

அவள் கேலி செய்வாளே தவிர சந்தேகப்படவில்லை. கள்ளுக்கடையில் கூரையைத் தாங்கும் தூணைவிட அதிக நேரம் நின்ற மனுஷன், அந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யானை வந்திருந்தால் என்ன, எறும்பு வந்திருந்தால் என்ன, வந்தது நல்லதாக இருந்தது அவளுக்கு.

சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தேவநேசம். ஆபீசில் துரைக்கு அடுத்தவர், ஜெபக் கொட்டகையில் எல்லாருக்கும் முந்தியவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கையோடு வேதாகமத்தையும் விறைப்பையும் கொண்டுவந்திருந்தார். அவர் ஜெபம் தொடங்கினால் உலையில் போட்ட அரிசி வெந்து குழைந்து மறுபடியும் இறுகிவிடும்.

நடந்தது இதுதான். அறுப்பின் பண்டிகை. ஊர் வழக்கப்படி சபையார் விளைச்சலின் முதல் பங்கைக் கொண்டுவந்து படைத்திருந்தார்கள். ரப்பரையா படைக்க முடியும்? லயத்துக்குப் பின்னால் போட்ட வாழை தார்தாராக, கரும்பு கட்டுக்கட்டாக, கொட்டகை மணக்க மணக்கக் குவிந்து கிடந்தது. எல்லாரும் கண்ணை மூடி, நெற்றியைப் பாயில் பதித்திருந்தார்கள். தேவநேசம் ஜெபத்தில் ஆதாம் ஏவாளைத் தாண்டி நோவா வரைக்கும் வந்திருந்தார்.

அய்யாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிறுதோறும் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகையில் கொட்டகையின் பலகைச் சுவரில் மத்தளம் வாசிப்பான். உள்ளே கீர்த்தனை மெதுவாகப் போனால் இவன் தாளம் வேகமாகப் போகும். "ஏசுவே, ஏசுவே, எனக்கும் ஒரு கலயம்!" என்று பாட்டும் கட்டுவான். அதனால் அன்று சாயங்காலம் கதவு தடதடவென்று இடிபட்டு, "ஏசுவே! ஏசுவே! காப்பாத்தும்!" என்று குரல் கேட்டபோது, உள்ளே ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. குடிகாரன் இன்றைக்குப் புதுப் பாட்டுக் கட்டியிருக்கிறான் என்று நினைத்து, சபையார் கீர்த்தனையை எடுத்து, அவன் குரல் அமுங்கும்படி ஓங்கிப் பாடினார்கள்.

அடுத்த கணம் கதவு உள்ளே விழுந்தது. கண்ணைத் திறந்தவர்கள் ஒன்றையும் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே குதித்து ஓடினார்கள். திரும்பி வந்தபோது கதவு கிடந்தது, அதன் மேல் அய்யாவு அழுதுகொண்டு கிடந்தான், வாழைத்தார்களைக் காணோம். மழை கொட்டி முற்றத்துக் காலடித் தடங்களையெல்லாம் கழுவிவிட்டிருந்தது.

"யானையாவது, பூனையாவது!" என்றார் தேவநேசம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "கதவை ஒதைச்சது இவன். பழத்தை அள்ளிட்டுப் போனது இவன் கூட்டாளிங்க."

அன்றிலிருந்து அதுதான் அவர் பேச்சு. இப்போது சிங்கப்பூரிலிருந்து போதகர் ரயிலேறி வந்திருந்தார், ஞானஸ்நானம் கொடுக்க. ஓடைக்கரையில் சபை கூடியிருந்தது. அய்யாவு, வெள்ளை வேட்டியில், முழங்கால் தண்ணீரில் நின்றான். சந்தோஷத்தில் மீன்களெல்லாம் அல்லேலூயா பாடுவதாக அவனுக்குத் தோன்றியது.

"தடை சொல்றவங்க யாராச்சும் உண்டா?" என்று வழக்கப்படி கேட்டார் போதகர்.

"உண்டு, ஐயா." தேவநேசம் எழுந்தார். "பொய்யனுக்கு எப்படி ஞானஸ்நானம்? யானைக் கதைய விட்டுட்டு, 'நானே மனசு மாறி, நானே தேடி வந்தேன்'னு சபைக்கு முன்னால சொல்லட்டும். தடையில்ல."

போதகர் அய்யாவைப் பார்த்தார். "சாட்சியில பொய் கலக்கக் கூடாதுப்பா. சொல்லு."

"சொல்லித் தொலையேன்!" என்றாள் அங்கம்மா கரையிலிருந்து. "ஒரு வார்த்தை! சொல்லிட்டு முங்கி எந்திரிச்சு வா!"

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் தண்ணீருக்குள் போகலாம், சபைக்குள் போகலாம், கர்த்தருடைய பந்தியில் உட்காரலாம். அவன் அதற்காக மாதக்கணக்கில் ஏங்கியிருந்தான். அய்யாவு தலையைச் சொறிந்தான்.

"சரிங்க ஐயா. சட்டைக் காலர் பொய்தான். எனக்குச் சட்டை கெடையாது."

கரையில் சிரிப்பு.

"யானை ஆமென் சொன்னதும் பொய். அது வாயில வாழைப்பழம் இருந்துச்சு, எப்படிச் சொல்லும்? பங்களா ஒசரமும் பொய். மண்டி போட வைக்கல, குப்புறத் தள்ளிச்சு. எல்லாத்தையும் விட்டுடறேன்." அவன் குரல் திடீரென்று உடைந்தது. "ஆனா நானே தேடி வந்தேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க. அதுதாங்க பெரிய பொய். நான் எங்க தேடினேன்? அவர் பேரை வச்சுக் கள்ளுப் பாட்டுக் கட்டுனவன் நான். அன்னிக்கு ஓடுனது கூட அவருகிட்ட இல்ல, யானைகிட்டேருந்து! முன்னால கதவு, பூட்டியிருக்கு. பின்னால மூச்சுக் காத்து, முதுகைச் சுடுது. கிண்டல் பண்ணுன அதே பேருதான் வாயில வந்துச்சு. வேற பேரு வரல. ஒரு தள்ளு! நான் உள்ள கெடக்கேன். தும்பிக்கை என் முதுகைத் தடவிட்டு, தாண்டிப் போயிருச்சு. ஐயா, நான் வரலைங்க. கொண்டாந்து போட்டாரு! ஒரு அடிகூட நானா எடுத்து வைக்கல. எனக்கு ஞானஸ்நானம் கெடைக்காமப் போனாலும் சரி, அந்தப் புகழை நான் எடுத்துக்க மாட்டேன். ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

சொல்லிவிட்டு அவன் தண்ணீரைவிட்டுக் கரையேறத் திரும்பினான். அழுதான், ஆனால் முகம் சிரித்தது. தடுக்கப்பட்டவன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த ஓடை பார்த்ததில்லை.

அங்கம்மா கேலியை மறந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போதகர் மெதுவாகக் கேட்டார்: "கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொல்றானே. பண்டிகை அன்னிக்கு ஜெபக் கொட்டாயை யார் பூட்டினது?"

தேவநேசம் நின்றுகொண்டேயிருந்தார். வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கினார், எடுத்தார், மறுபடி இடுக்கினார். பிறகு கோட்டோடும் பூட்ஸோடும் ஓடைக்குள் இறங்கி, அய்யாவின் எதிரே வந்து வழிமறித்தார்.

"எல்லாரும் கண்ணை மூடியிருந்தப்போ தாழ்ப்பாள் போட்டது நான்," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "தாழ்ப்பாள் போதாதுன்னு முதுகையும் கொடுத்து முட்டிக்கிட்டு நின்னேன். இவன் உள்ள வரக் கூடாதுன்னு. கதவு விழுந்தப்போ அதுக்கு அடியில கெடந்தேன் ஐயா, சபையார் திரும்பி வர்றதுக்குள்ள நழுவி வெளிய வந்துட்டேன். எனக்கு மேல கதவு, கதவுக்கு மேல இவன். பலகைச் சந்துல பாத்தேன்."

"என்னத்தைப் பாத்தீங்க?"

தேவநேசம் அய்யாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யானைதான் ஐயா. இவன் சொன்னதைவிடப் பெருசு."