மிச்சம் விட்ட ஒயர்

தராசு ஐம்பத்திரண்டு கிராம் என்றது. வெங்கடேஸ்வரி ஒயர்க் கட்டை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தராசு மசியவில்லை. நாற்பதைத் தாண்டக் கூடாது என்று பெங்களூர் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

ராஜபாளையத்தில் அவளும் கணவன் வல்லரசுவும் நடத்திவரும் பட்டறையில் இதுவரை ராணுவ வயர்லெஸ் செட்டுகளுக்குத்தான் ஒயர் கட்டினார்கள். இனி அந்த செட்டே வேண்டாமாம். ட்ரோனுக்குக் கட்டித் தந்தால் வாங்கிக்கொள்வார்களாம். மாதிரி இன்றே கூரியரில் போயாக வேண்டும். தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. பிறகு வல்லரசு சென்னைக்குச் செக்யூரிட்டி வேலைக்குப் போக வேண்டியதுதான். பட்டாளத்தில் இருந்தவரை லீவுக்கு வந்து போன மனிதனை இப்போதுதான் தினமும் கண்ணால் பார்க்கிறாள். மறுபடியும் அவனுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஒவ்வொரு ஒயர்லயும் ஒரு சாண் கூட விட்டுச் சுருட்டி வச்சிருக்கீக. அதான் கனம்," என்றாள் எதிரே நின்ற வல்லரசுவிடம்.

"அத வெட்டக் கூடாதுட்டி. அந்துபோச்சுன்னா எத வச்சு ஒட்டுப்போடுவான்? பனியில வெரல் மரத்துக் கெடக்கையில அந்த மிச்ச ஒயர்தான் எங்க செட்டுக்குப் பேச்சே குடுத்துச்சு."

"முடிச்சப் பாருங்க மதினி," என்றாள் பக்கத்து மேசையில் ஒயர்களை மெழுகு நூலால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த சுந்தரம்மாள். "அண்ணே ஒங்களுக்குத் தாலி கட்டையில கூட இம்புட்டு இறுக்கியிருக்க மாட்டாவ."

"நீ ஒஞ் சோலியப் பாரு," என்றுவிட்டு வல்லரசு சாப்பிடப் போனான்.

கட்டிங் பிளேயர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவன் வருவதற்குள் வெட்டிப் பார்சல் போட்டுவிடலாம். எடுத்தாள். அவனுக்குத் தெரியாமல் வெட்டினால் அது அவன் செய்த பொருளாகவே இருக்காது என்று தோன்றியது. வைத்துவிட்டாள். கம்பெனி எஞ்சினியருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

அவன் திரும்பி வந்ததும் சொன்னாள். "இதுக்கு ஒட்டே போட மாட்டாகளாம். அறுந்தா மொத்தமாக் கழட்டிட்டு வேற மாட்டிருவாகளாம். ஒவ்வொரு சாமான்லயும் இப்படிக் கொறச்சா நாலஞ்சு நிமிசம் கூடப் பறக்குமாம். கீழ ஒங்கள மாதிரி ஒரு பட்டாளத்துக்காரரு அத நம்பி அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான நிப்பாரு?"

வல்லரசு ஒரு ஒயர்ச் சுருளை விரித்துப் பார்த்தான்.

"நாலஞ்சு நிமிசமா? அதுக்குள்ள ஒரு ஆளு எம்புட்டோ தூரம் ஓடித் தப்பிச்சிரலாமேட்டி," என்றான். பிளேயரை அவனே எடுத்தான்.

வெட்டி, நுனிகளில் மறுபடி கனெக்டர் பின் அடித்து, தராசில் வைத்தான். நாற்பத்தொன்று. பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு முடிச்சு விட்டு ஒரு முடிச்சாக மெழுகு நூலை அவிழ்த்தான். நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

அந்நேரம் வல்லரசுவின் போன் அடித்தது. செக்யூரிட்டி வேலைக்கு ஆள் பிடிக்கும் முத்துராமலிங்கம்.

"இல்லண்ணே, நான் வரல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

வெங்கடேஸ்வரி பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, கம்பெனிக்காரக இன்னும் சரின்னு சொல்லலியே!"

"சொல்லாட்டி இன்னொண்ணு கட்டி அனுப்புவோம். வந்து வண்டில ஏறு. இங்க கூரியர் வேன் போயிருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்ல பிடிச்சிரலாம்."

வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பார்சலை ஒரு கையால் மடியில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.