ஓடியது கால்தான்

வேலாயுதத்துக்குச் சுயநினைவு வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டுக்கு எதிர்ப்புறம், ரிக்‌ஷாக்கள் நிற்கிற இடத்தில், கையில் பாதி தின்ற இட்டிலியோடு நின்றிருந்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாக்கடையிலிருந்து ஏறி வந்த நல்ல பாம்பு அடுப்படியில் படமெடுத்தது வரைக்கும் நினைவிருந்தது. உள்ளே பெண்டாட்டி இராஜம்மா இருந்தாள். தூளியில் இரண்டு மாதப் பிள்ளை இருந்தது. ஓடிவரும்போது இட்டிலியை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறான். பெயரில் ஆயுதம் வைத்திருப்பவன் கையில் இருந்தது அதுதான்.

ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தவளை பிடித்துக் கொடுப்பது அவன் உத்தியோகம். மூளையை எடுத்துவிட்ட தவளையின் முதுகில் அங்குள்ள வெள்ளைக்காரத் துரை ஒரு சொட்டு திராவகம் விடுவார். தவளையின் கால் மெல்ல எழுந்து அந்த இடத்தைத் துடைக்கும். ஆபத்தைக் கண்டு ஓடியவை குட்டி போட்டன, நின்று யோசித்தவற்றுக்கு வம்சமே இல்லை, நாமெல்லாம் ஓடியவற்றின் வாரிசுகள் என்பார் துரை. அன்று வேலாயுதம் சிரித்தான். இன்று தனக்குள் அந்தத் தவளையைத் தவிர வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தான். பாம்பைவிட அதுதான் பயமாக இருந்தது.

இட்டிலியை வீசிவிட்டு வாசற்படி வரை வந்தான். இராஜம்மா உலக்கையை ஓங்கியபடி தூளிக்கு முன்னால் நின்றாள். விறகுக் கட்டுக்கு அடியில் சீறல் கேட்டது.

"நான் ஓடல புள்ள. கால் தானா ஓடிடுச்சு."

"கால் ஓடிச்சு, சரி. நீங்க எதுக்குங்க அதுகூடவே போனீங்க?"

"ஓடுனவங்க வம்சம்தானாம் நாமெல்லாம். தொர சொன்னாரு."

"அப்ப நின்னவ பெத்த பிள்ளையெல்லாம் எங்க போச்சாம்?" விறகிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "நாளைக்குப் போயி தொரகிட்ட கேளுங்க. இப்ப பிள்ளையத் தூக்குங்க. நான் நகர்ந்தா அது நகரும். சீக்கிரம் லா, கை கடுக்குது."

தூளிக்குப் போக விறகைத் தாண்டியாக வேண்டும். விறகுக்கும் தூளிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். வேலாயுதம் கால்களிடம் கெஞ்சினான். முழங்காலுக்குக் கீழே அவை வேறு யாருடையவோ போல நின்றன. தீர்மானம் என்று ஒன்று வரும், வந்தால் தெரியும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒரு விறகு அசைந்தது.

எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், அதை எடுக்கச் சொன்னது யார், சத்தியமாகத் தெரியாது. விறகுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். தூளிக்குள் கையை விட்டான். தூக்கம் கலையாத பிள்ளை அவன் சுட்டுவிரலைக் கப்பென்று பிடித்துக்கொண்டது, எங்கோ உயரத்தில் ஒரு கிளையைப் பற்றித் தொங்குவதுபோல. கண்கூடத் திறக்கவில்லை. பக்கத்தில் இராஜம்மாவின் கையில் உலக்கை அங்குலம் அங்குலமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் விறகுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கால் ஓடவில்லை.