ஓடாத ப்ளோயர்

"சத்தம் ஒரே மாதிரி வரக் கூடாது ஷாஜின். ஆபீசர் செவிடு இல்ல."

தோல் தொழிற்சாலை மேனேஜர் கிருபானந்தம் ஒரு கேசட்டை மேசைமேல் வைத்தார். கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றடிக்கும் ப்ளோயரின் சத்தம். பக்கத்துத் தொழிற்சாலையில் பதிவு செய்தது. இவருடைய ப்ளோயர் எரிந்து நான்கு நாளாகிறது.

"புதுசு வர ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள பொல்யூஷன் போர்டு ஆபீசர் வந்தா, வெளிய நிக்கிறவர் காதுல ப்ளோயர் ஓடணும். பம்ப் ரூமைப் பூட்டி வெச்சுடுவேன்."

"யாருக்கும் ஆபத்து இல்லையே சார்?"

"சத்தம் யாரைய்யா கடிக்கும்?"

2004. ஆம்பூர் பஜாரில் ஷாஜினின் ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்கு சர்ச் பாட்டுகள் தவிர வேறு வேலை வந்ததில்லை. இந்த வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. சத்தத்தை எட்டு, பதினொன்று, பதின்மூன்று விநாடிக்குத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புகளாக வெட்டி, கணினித் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினான். மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். அதற்கு மேல் ஒலியை ஏற்றி இறக்கும் ஆட்டோமேஷன் கோடு வரைந்தான். ஓரிடத்தில் வோல்டேஜ் குறைந்ததுபோல் சுருதி இறங்கும். இன்னோரிடத்தில் ஒலி தணிந்து மெல்ல ஏறும்.

மேனேஜர் அறையில் கணினியை வைத்து, பம்ப் ரூம் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்து ஓடவிட்டான். ஆபீசர் வந்தார், கேட்டார், தலையாட்டிவிட்டுப் போனார். புது ப்ளோயர் வரும்வரை ஓடட்டும் என்று மேனேஜர் அதை நிறுத்தவில்லை. ஷாஜினுக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை ரோஸ் போன் செய்தாள்.

"அண்ணா, சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு நீயே வந்து இட்டுனு போ. அவரு வர லேட்டாகும். தொட்டி க்ளீனிங்காம்."

ரோஸின் கணவன் ஜெஸ்டனுக்கு வேலை அதே தொழிற்சாலையில்தான்.

"அவன் தோல் உருட்டுற டிரம் செக்‌ஷன் ஆச்சே?"

"ஆள் கம்மியாம். பயப்படாதே. அரை மணி நேரம் ப்ளோயர் ஓடுறதைக் கேட்டுட்டுத்தான் எறங்குவாங்களாம். இல்லன்னா உள்ள விஷவாயு நிக்குமாமே."

ஷாஜின் போனை வைத்து, மறுபடி எடுத்தான். மேனேஜர் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட் நம்பரைச் சுழற்றினான். வாட்ச்மேன் தேவசகாயம் எடுத்தார்.

"ஐயா, ஜெஸ்டன் எங்க?"

"இப்பத்தான் தொட்டில கால் வெச்சாரு. கூட வேலைக்கு வந்த ஷபீ பாய் முன்னாடியே எறங்கிட்டாரு."

"மேல கூப்பிடுங்க! ப்ளோயர் ஓடல!"

"இன்னா தம்பி, காலைலயே தமாஷா? இங்க காதைப் பொளக்குது."

"அது நான் கம்ப்யூட்டர்ல பண்ணது. மெயின் சுவிட்சை இழுத்துப் பாருங்க. நெஜ ப்ளோயர்னா நின்னுடும்."

"டிரம் எல்லாம் நின்னுடுமே. என் வேலை போய்டும்பா!"

"என் தங்கச்சி தாலி போய்டும், இழுங்க ஐயா!"

'டக்'கென்று ஒரு சத்தம். தோல் டிரம்களின் உருளல் தேய்ந்து அடங்கியது. ஷாஜின் பொருத்திய கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் யூ.பி.எஸ். இருந்தது. கரண்ட் செத்த தொழிற்சாலையில் ப்ளோயர் மட்டும் சீராக ஓடியது.

"ஏசுவே!" தேவசகாயத்தின் ரிசீவர் மேசையில் விழுந்தது. "ஜெஸ்டன், மேல வா! மேல வாப்பா!"

மூச்சிரைக்க வேறொரு குரல் வந்தது.

"மச்சான்... நீயா பண்ண?"

"ஆமா மாப்ள. ஏறிட்ட இல்ல? அது போதும்."

"பாதி ஏணியில இருந்து ஏறிட்டேன். ஷபீ பாய் கூப்பிட்டா பேசல. கவுந்து கெடக்கறாரு."

"ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லு. நீ எறங்காதே."

"அவங்க வர்ற வரைக்கும் அந்த ஆளு தாங்குவாரா? கர்ச்சீப்பை நனைச்சுக் கட்டிக்கிறேன்."

"அது தடுக்காது மாப்ள! எறங்காதே! டேய்!"

ஓடும் செருப்புச் சத்தம் தூரமாகி, தொட்டி ஏணியில் தடதடவென்று இறங்கியது. ஷாஜின் ரிசீவருக்குள் கத்திக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் கேட்க யாரும் இல்லை.

தேவசகாயம் "ஜெஸ்டன்!" என்று அதட்டுவது கேட்டது. பிறகு இன்னொரு முறை, பலமாக.

மூன்றாவது முறை அவர் கெஞ்சினார்.