தவளை மடித்த சனிக்கிழமை

ஓவியா தன் சொந்த அக்கா புருஷனையே குழுவிலிருந்து தூக்கியவள். அவர் செய்த குற்றம், தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பியது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் ரோஜாவோடு ஒரு மயிலும் சேர்ந்து வந்தது. தூக்கிவிட்டாள். அத்தான் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “பேசாட்டி போகட்டும், குரூப்பு சுத்தமா இருக்குல்ல?” என்றாள்.

குழுவின் பெயர் ‘முதல் ஆர்டர்’. திருத்தங்கலில் அச்சகங்களுக்குப் பிளேட், அதாவது மிஷினில் மாட்டுகிற அச்சுத் தகடு, போட்டுக்கொடுக்கும் சின்னக் கடை ஓவியாவுடையது. நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கடையில் உட்கார்ந்து, பதினோரு பேரைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் இதைத் தொடங்கினாள். இன்றைக்கு விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று அறுநூற்று நாற்பது பேர். எல்லாரும் முப்பத்தைந்து வயசுக்குள். எல்லாருக்கும் ஒரே ஏக்கம், சொந்தமாக ஒரு தொழில். கட்சி பேசக்கூடாது, சாதிச் சங்கம் பேசக்கூடாது. பட்டாசு விற்கிறேன் என்று விலைப்பட்டியல் போடக்கூடாது, ஆன்லைனில் விற்கக்கூடாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. இதெல்லாம் எந்தக் குழுவிலும் இருக்கிற சட்டம்தான். ஓவியா பெருமையாக நினைத்தது வேறொன்றை. யோசனை கேட்கிறவர் பொருளைப் படம் எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். “மூடி வெச்சுக்கிட்டு எப்படி இருக்குன்னு கேட்டா, நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்?” என்பாள்.

அந்தச் சட்டம்தான் வினையாகப் போனது.

நாரணாபுரத்திலிருந்து முத்துப்பேச்சி என்ற பெண் குழுவில் சேர்ந்தாள். இருபத்து நாலு வயசு. அவள் அம்மாவும் சித்தியும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவளும் ஆறு வருஷம் அங்கேதான், பெட்டி மடிக்கிற பகுதியில். அட்டையை எடுத்தால் மூச்சு விடுவதற்குள் பெட்டியாகியிருக்கும், அப்படிப்பட்ட கை. அந்தக் கை சும்மா இருக்காமல் ஒரு யோசனை செய்தது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் குப்பைக்குத்தானே போகிறது? அதன் பின்பக்கம் மடிப்புக் கோடுகளை அச்சடித்தால் என்ன? ஒரு நாள் கப்பல், ஒரு நாள் கொக்கு, ஒரு நாள் தவளை. கிழித்த தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். இதற்காகவே கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆனி மாசக் கடைசியில் குழுவில் தயங்கித் தயங்கி எழுதினாள். “அக்கா, ஒரு காலண்டர் மாதிரி செஞ்சிருக்கேன். நல்லா இருக்கான்னு தெரியணும்.”

ஓவியா உடனே பதில் போட்டாள். “படத்தைப் போடு தாயி.”

போட்டாள். ஒன்றல்ல, பன்னிரண்டு தாள்கள், கோடு கோடாகத் தெளிவாக. குழு ஆடிப்போனது. முந்நூறு கைதட்டல்கள். இப்படி ஒன்று நமக்குத் தோன்றவில்லையே என்று எத்தனையோ பேர் வயிறெரிந்து வாழ்த்தினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அச்சக வீட்டில் பிறந்த பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. ஏஜென்டுகள் பார்த்து ஆர்டர் கொடுக்கிற அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்றுதான் பூஜை போட்டு வெளியே வரும். அதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணன் தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். முத்துப்பேச்சிக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? அவள் வீட்டில் தீபாவளி சீசன் தெரியும், காலண்டர் சீசன் தெரியாது. ஆனால் ஓவியாவுக்குத் தெரியும். பத்து வருஷமாகக் காலண்டருக்குப் பிளேட் போடுகிறவள். தன் சட்டத்தின் மிதப்பில் அதை மறந்து தொலைத்தாள்.

ஆடி பத்தாம் தேதி அவள் கடைக்கு ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியவன் சரவணக்குமார். கூடப் படித்தவன், மூன்று தலைமுறையாக அச்சகம் நடத்துகிற குடும்பம், ‘முதல் ஆர்டர்’ குழுவின் இன்னொரு அட்மின். திறந்து பார்த்தாள். தினசரி காலண்டர். பின்பக்கம் மடிப்புக் கோடுகள்.

ஓவியாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தாள் மடிக்கிற யோசனை இன்னொருத்தருக்கும் தோன்றலாமே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, தவளைத் தாளை மட்டும் அச்செடுத்து மடித்தாள். தவளை உட்காரவில்லை, மூக்குக் குப்புற விழுந்தது. முத்துப்பேச்சி குழுவில் போட்ட தாளை அன்றைக்கு அச்செடுத்து மடித்துப் பார்த்தபோதும் இப்படியேதான் விழுந்தது. ஏழாவது கோடு உள்பக்கம் மடிய வேண்டியது, வெளிப்பக்கமாகப் போடப்பட்டிருந்தது. பாவி, தப்பைக்கூடத் திருத்தாமல் அப்படியே அள்ளியிருக்கிறான்!

போனை எடுத்தாள். “ஏலே சரவணா, இது அந்தப் பிள்ளையோடதுலே.”

“ஆடிப்பெருக்குக்கு முந்தி யாரு அவளை ஊருக்கெல்லாம் காட்டச் சொன்னா? தொழில்னா இப்படித்தான் இருக்கும் ஓவியா. எனக்கு மிஷின்ல நாள் குறிச்சாச்சு, தாளு இறங்கியாச்சு. நீ பிளேட்டை மட்டும் போடு.”

“போட மாட்டேன்.”

“சரி, வேற கடையில போட்டுக்கிறேன். ஆனா ஒண்ணு. பிளேட்டுக்கு வந்த ஃபைலைப் பத்தி வெளிய வாயைத் திறந்தேன்னு வையி, அப்புறம் உன் கடைக்கு எந்த பிரஸ்காரன் வருவான்னு பாரு.”

அவன் சொன்னது மிரட்டல்தான், ஆனால் பொய்யில்லை. மேஜைக்கு வந்த வேலையை வெளியே சொல்லாதவள் என்றுதான் ஊரில் அவளுக்குப் பேர். ஆடிப்பெருக்கு அன்று அவனுடைய ஆல்பம் முதலில் ஏஜென்டுகள் கையில் போய்விட்டால், முத்துப்பேச்சிதான் காப்பியடித்தவள் என்று ஆகிவிடும். வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளை, திரும்பப் பெட்டி மடிக்கத்தான் போகணும். அவளைப் படம் போடச் சொன்னது யார்? ‘தாயி’ என்று கொஞ்சிக் கேட்டது யார்? ஓவியாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் குழுவில் எழுதினாள். ‘சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லாரும் வீடியோ மீட்டிங்குக்கு வாங்க, லிங்க் கீழே இருக்கு. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசணும்.’ ஓவியா தப்பு செய்தாளா? அதைப் பார்க்கவே இருநூற்றுப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். முத்துப்பேச்சி வந்தாள். சரவணக்குமாரும் வந்தான், வராவிட்டால் சந்தேகம் வருமே.

ஓவியா சுற்றி வளைக்கவில்லை. “ஆடிப்பெருக்குக்கு முன்னாடி காலண்டர் மாதிரியைக் காட்டச் சொன்னது என் முட்டாள்தனம். முத்துப்பேச்சி, எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். உன் வேலை இன்னொரு ஆல்பத்துல வரப்போகுது. எங்கன பாத்தேன், யாருதுன்னு சொல்ல மாட்டேன், அது என் தொழில் தர்மம். செஞ்சவுக இங்கனதான் இருக்காக. அவுகளே சொல்லட்டும்.”

முத்துப்பேச்சியின் முகம் வெளிறிப்போனது. யார், யார் என்று திரையோரத்தில் எழுத்தாகக் கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சரவணக்குமார் தப்பித்திருப்பான். ஆனால் மூன்று தலைமுறைக் கம்பெனி அல்லவா, பேசாமல் இருக்க முடியுமா?

“இதுல என்ன இருக்கு?” என்று ஆரம்பித்தான். “தாள்ல தவளை மடிக்கிறது யாரு வீட்டுச் சொத்து? நாங்களும்தான் போடுறோம், மிஷின்ல நாள் குறிச்சு, தாளும் இறக்கியாச்சு. எங்க டிசைனர் ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது.”

“உங்க வேலையா?” என்றாள் ஓவியா. குரலில் சர்க்கரை. “அப்ப சந்தோஷம். அந்தத் தவளையை ஒரு தடவை மடிச்சுக் காட்டுங்களேன், எல்லாரும் கத்துக்கிறோம்.”

இருநூற்றுப் பத்துப் பேர் பார்க்கிறபோது மாட்டேன் என்றா சொல்ல முடியும்? மேஜை டிராயரிலிருந்து மாதிரித் தாளை எடுத்தான். மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தவளை குப்புற விழுந்தது. நிமிர்த்தினான், திரும்ப விழுந்தது. யாரோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். “அண்ணே, அது உக்காராது. ஏழாவது கோடு தப்பு. அவசரத்துல நான்தான் தப்பாப் போட்டேன். மறுநாளே திருத்திட்டேன். உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு.”

சொல்லிவிட்டுக் கையில் ஒரு தாளை எடுத்தாள். கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. எட்டே மடிப்பு. தவளை உள்ளங்கையில் உட்கார்ந்தது. விரலால் முதுகைத் தட்டினாள், திரையை விட்டு வெளியே குதித்தது.

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! தூக்கு, தூக்கு, அவனைத் தூக்கு என்று எல்லாரும் ஓவியாவைப் பிடித்துக்கொண்டார்கள். சரவணக்குமார் தலையைத் தொங்கப்போட்டபடி, “அந்தக் காலண்டரை நான் போடல. நிறுத்திடுறேன்” என்றான். அத்தானையே தூக்கியவளுக்கு இவன் எம்மாத்திரம்? ஓவியாவின் விரல் அவன் பெயர் மேல் போய்விட்டது.

“அக்கா, தூக்காதீக” என்றாள் முத்துப்பேச்சி.

“ஏன் தாயி? இரக்கமா?”

“இரக்கம் என்னத்துக்கு? எனக்கு வேலை இருக்கு.” வெளிறிய முகம் எப்போதோ சரியாகியிருந்தது. “சாத்தூர் ஏஜென்ட் ஒருத்தர் நேத்துதான் ரெண்டாயிரம் காலண்டருக்கு வாக்குக் குடுத்தாரு. அச்சடிக்க பிரஸ்ஸு தேடிக்கிட்டு இருக்கேன். இந்த சீசன்ல எங்கயும் மிஷின் காலி இல்லைங்காக.” திரையில் சரவணக்குமாரின் கட்டத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள். “அண்ணே, அதை நிறுத்திடுறேன்னு சொன்னீகள்ல? அப்ப குறிச்ச நாள்ல உங்க மிஷின் சும்மாதான நிக்கும்? தாளும் இறங்கிக் கிடக்கு. என் காலண்டரை என் பேர்ல ஓட்டித் தாங்க. என்ன ரேட்டு?”

ஓவியா சிரித்தாள். மனசு நிறைந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். இவளுக்காகவா ரெண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தோம்?

சரவணக்குமார் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பிறகு ஒரு ரேட்டைச் சொன்னான்.

“கூட இருக்குண்ணே,” என்றாள் முத்துப்பேச்சி. “குறைச்சுச் சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காக.”