இலை, மஞ்சள், மலேரியாக் குளிசை

கதிர்காமநாதன் இடம்பெயர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. துணுக்காயில் இதே பள்ளியில் பதினொரு வருடம் இரசாயனம் படிப்பித்தவள் நான். உயர்தர வகுப்பு என் கையில்தான் இருந்தது. அவர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"கமலாசனி ரீச்சர், வாற வருசம் உயர்தர வகுப்பு உங்களுக்கோ கதிர்காமநாதனுக்கோ எண்டு ஆசிரிய ஆலோசகர்தான் சொல்லுவார். விஞ்ஞானக் கண்காட்சிக்கு வந்து ரெண்டு பேரையும் பாப்பார்."

வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன?

கண்காட்சியில் நான் சவர்க்காரம் செய்து காட்டுவதாக இருந்தேன். பொருளாதாரத் தடையால் கடையில் சோப் இல்லாத காலத்தில் சனத்துக்குப் பிரயோசனமான சாமான். அவர் கொண்டுவந்ததோ, ஜேர்மனியில் இருக்கும் தமையன் அனுப்பிய சஞ்சிகைத் தாள் ஒன்று. ரேடியோவில் எரியும் சின்னச் சிவப்பு லைட்டைப் போல இன்னொரு லைட் வருகிறதாம். அதில் சேதனச் சேர்வைகளை, அதாவது காபன் சேர்ந்த இரசாயனப் பொருட்களை, மெல்லிசாகப் பூசி மின்சாரம் விட்டால், சேர்வைக்கு ஒரு நிறமாக அவையே ஒளிவிடுமாம். நாளைக்கு ரீவித் திரையெல்லாம் அப்படித்தான் வருமாம்.

"இஞ்ச கரண்ட் நிண்டு ஒன்பது வருசம்" என்றேன்.

"அதுக்கென்ன ரீச்சர், வெய்யில் இருக்குத்தானே. வெளிச்சம் பட்டாலும் சில சேர்வையள் தன்ர நிறத்தைக் காட்டும்."

முருங்கை இலையை அரைத்து ஸ்பிரிற்றில் கரைத்து ஒரு போத்தலில் வடித்தார். அந்த ஸ்பிரிற் ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கியது, இன்னொரு தடவை கிடைக்காது. அடுத்த போத்தலில் மஞ்சள் தூள். மூன்றாவதில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினைன் குளிசையும் பற்றறி அசிட் ஒரு துளியும். கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒத்திகைக்காக வகுப்பறையைத் தறப்பாளால் மூடி, ஓர் ஓட்டையால் வந்த வெயிலை வில்லையால் குவித்துப் போத்தல்களில் விட்டார். பச்சை இலைச்சாறு சிவப்பாக ஒளிர்ந்தது. மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. தண்ணீர் போலிருந்த குளிசைக் கரைசல் நீலமானது.

"ரீவியின்ர மூண்டு நிறமும் இதுதான்" என்றார். பிள்ளைகள் கத்திய சத்தத்தில் அடுத்த வகுப்பும் ஓடி வந்தது. என் சவர்க்காரத்தை ஒருவரும் மணந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு அவ்வளவு வடிவு. பதினொரு வருடமாக முருங்கை இலையை வறுத்துத் தின்றவளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு வெந்தது.

இலைச்சாற்றுப் போத்தலை அவர் கறுப்புத் துணியில் சுற்றி வைப்பார். வெளிச்சத்தில் அது பழுதாகும். அது எனக்கும் தெரியும். சனிக்கிழமை பள்ளியில் ஒருவரும் இல்லாத நேரம், துணியை அவிழ்த்துப் போத்தலைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைத்தேன். வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை தறப்பாளுக்குள் கொண்டுபோய், வில்லையைப் பிடித்துச் சிவப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். சிவப்பு முழுதாகப் போனதும் பழையபடி துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கண்காட்சிக்கு ஆலோசகர் மயில்வாகனம் வந்தார். நீலம் வந்தது. பச்சை வந்தது. சிவப்பு வரவில்லை. இலைச்சாறு மங்கிய மண்ணிறத்தில் சும்மா இருந்தது. பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கதிர்காமநாதன் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"ஐயா, உண்மையான பிரச்சினையே இதுதான். இந்தச் சேர்வையள் கெதியாப் பழுதாப்போயிடும். வெளிநாட்டில ஆராய்ச்சி செய்யிறவையும் இதோடதான் மல்லுக்கட்டுகினம். இது வெய்யிலில நிண்டிருக்கு. எவ்வளவு நேரமெண்டு தெரிஞ்சால் நல்லம்."

"மூண்டரை மணித்தியாலம்" என்றேன்.

வாய் தானாகத் திறந்துவிட்டது. திறந்தது மூடவுமில்லை. "முதல் மணித்தியாலம் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகுதான் மளமளவெண்டு குறைஞ்சது."

 தறப்பாளுக்குள் இருட்டு இருந்தபடியால் என் முகம் தப்பியது.

"ஆர் ரீச்சர் அதை வெய்யிலில வைச்சது?" என்று மயில்வாகனம் கேட்டார்.

நான் வாயெடுக்கும் முன் கதிர்காமநாதன் முந்திக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து செய்ததுதான் ஐயா. வெய்யில் பரிசோதனை அவாவின்ர. நேரம் பாத்துச் செய்யிறதில அவாவை அடிக்க ஆளில்லை."

உயர்தர வகுப்பு எனக்கே கிடைத்தது. பொறுமையாக அவதானிக்கத் தெரிந்தவர் என்று ஆலோசகர் எழுதியிருந்தாராம்.

அடுத்த நாள் கதிர்காமநாதன் கொப்பியோடு வந்து, அரை மணித்தியாலத்துக்கு அரை மணித்தியாலம் நான் கண்டதைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். இப்போது அந்த மனிசனின் குணத்தைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. இரசாயனம் என்றால் படித்தாவது எட்டிப் பிடித்திருப்பேன்.